உங்களுக்குத் தெரியுமா? மலையேறிய கார்களும் வழிமறித்த கூட்டமும்

கார் பந்தயம் என்றதும் வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வரும் வண்டிகள்தான் கண்ணில் வரும். நாடு விட்டு நாடு போகும் நெடுந்தூர ராலி வேறு ரகம். அங்கே வண்டியின் உச்ச வேகத்துக்கு மரியாதை குறைவு. மூச்சு வாங்க வைக்கும் கணவாயும், லாரியும் மாடும் மனிதரும் கலந்து வரும் சாலையும்தான் யார் முந்துவது என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த நூறாண்டுக் கதையிலிருந்து கொஞ்சம் துணுக்குகள்.

மூங்கில் கழி சொன்ன அகலம்

1907 ஜனவரி 31 அன்று பாரிஸின் 'லெ மத்தேன்' நாளிதழ் ஒரு சவால் விட்டது. பீகிங்கிலிருந்து பாரிஸ் வரை காரில் வர யாருக்காவது துணிச்சல் உண்டா? ஜூன் 10-ஆம் தேதி ஐந்து வண்டிகள் கிளம்பின. வென்றவர் இத்தாலியப் பிரபு ஷிப்பியோனே போர்கேஸே. அவருடைய வெற்றி வண்டி கிளம்பும் முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். பீகிங்குக்கு வடக்கே உள்ள மலைக் கணவாய்களைக் குதிரையில் போய் முன்கூட்டியே பார்த்து வந்தார். கையில் ஒரு மூங்கில் கழி. அதன் நீளமும் அவருடைய இடாலா காரின் அகலமும் ஒன்று. இரண்டு பாறைகளுக்கு நடுவே கழி குறுக்காக நுழைந்தால் கார் போகும், முட்டினால் போகாது. அவ்வளவுதான் கணக்கு.

கழி சம்மதித்த இடத்திலும் கார் தானாக ஏறிவிடவில்லை. சீனக் கூலித் தொழிலாளர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். ஏற்றத்தைவிட இறக்கம் மோசம். வண்டி பள்ளத்தில் பாய்ந்துவிடாமல் இருக்க, பின்னாலிருந்து அதே கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல விட வேண்டும். கண்டம் தாண்டிய அந்தக் கார் பயணத்தின் முதல் சில நாட்கள் மனிதத் தோள்களின் பலத்தில்தான் நடந்தன. வரலாற்றில் போர்கேஸே பெயர் இருக்கிறது, அவருடன் போன செய்தியாளர் லுயிஜி பார்சீனி பெயர் இருக்கிறது, மெக்கானிக் எட்டோரே குயிசார்டி பெயரும் இருக்கிறது. கயிறு பிடித்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

● அந்தப் பந்தயத்தில் கோபி பாலைவனத்துக்குப் பெட்ரோல் போய்ச் சேர்ந்தது ஒட்டகங்களின் முதுகில். ஐந்து வண்டிகளில் ஒன்றான கோன்டால் மூன்று சக்கர வண்டி கோபியிலேயே நின்றுபோனது.

● சைபீரியாவில் மரப்பாலம் ஒன்று உடைந்து போர்கேஸேயின் கார் கீழே விழுந்தது. பிறகு ஒருநாள் சக்கரமே நொறுங்கியது. அன்றைய கார்ச் சக்கரங்களின் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. ரஷ்யக் கிராமத்துத் தச்சர் ஒருவர், கோடரியை முக்கியக் கருவியாக வைத்துக்கொண்டு, அதைச் செய்து கொடுத்தார். கார் பாரிஸ் போய்ச் சேர்ந்தது.

● இவ்வளவுக்கும் நடுவில் போர்கேஸே ஒரு விருந்துக்காக மாஸ்கோவிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழியாகச் சுற்றிப் போனார்! அப்படியும் ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் முதல் ஆள் அவர்தான். பரிசு? பெரிய ஷாம்பெயின் பாட்டில் ஒன்று. கார் இன்றும் இத்தாலியின் டுரின் மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும்

கடல் மட்டத்திலிருந்து 5,000 மீட்டர் உயரம் போனால் காற்றழுத்தம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. கீழே 100 குதிரைத்திறன் காட்டிய வண்டி லடாக்கின் உயர்ந்த கணவாய்களில் ஐம்பது சொச்சத்தோடு தள்ளாடும்.

பழைய கார்களில் இன்னொரு சிக்கல். காற்று மெலிந்துவிட்டது என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. கீழே ஊற்றியது போலவே மேலேயும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியேறும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், வண்டி இருமும். அதனால் பழைய கார்களை மலைக்குக் கொண்டுபோகும் ராலிக்காரர்களின் கருவிப்பெட்டியில், பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை கொண்ட ஜெட்டுகள் கட்டாயம் இருக்கும். ஏறும் முன் ஒரு ஜெட், இறங்கிய பின் வேறொரு ஜெட். இன்றைய வண்டிகளில் இந்த வேலையைச் சென்சார்கள் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன.

● 5,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வண்டி தப்பிக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், ஊரில் ஒழுங்காக ஓடிய வண்டி கணவாய் உச்சியில் ஆவி கக்கி நிற்கும். சில ரூபாய்ச் சாமானை நம்பி ஒரு மலையேற்றமே இருக்கிறது.

● பெட்ரோலும் அப்படித்தான். மேலே அழுத்தம் குறைவு, இன்ஜின் சூடு அதிகம். குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைத்துவிடும். பழைய வைத்தியம்: பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி, கொஞ்ச நேரம் பொறுத்திருப்பது.

● டீசலுக்கு நேர்மாறான நோய். கடும் குளிரில் அதிலிருக்கும் மெழுகு உறைந்து குழாயை அடைக்கும். இதற்காகவே இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்கு மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது.

ஒரு மணி நேரத்தில் லாட்டாபந்த்

நெடுந்தூர ராலிகளில் பெரிதாகப் பேசப்படுவது 1968-இன் லண்டன்–சிட்னி மாரத்தான். லண்டனின் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ் முதல் பரிசாக 10,000 பவுண்டு அறிவித்தது. நவம்பர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸ் மைதானத்திலிருந்து 98 கார்கள் கிளம்பின. பாரிஸ், டுரின், பெல்கிரேடு, இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், டெல்லி, பம்பாய். அங்கிருந்து கப்பல். பிறகு ஆஸ்திரேலியாவின் குறுக்கே சிட்னி.

எல்லோரும் பயந்த பகுதி ஆப்கானிஸ்தானில் இருந்தது. காபூலிலிருந்து சரோபிக்குப் புதிய சாலை வந்திருந்தது. ஆனால் போட்டி நடத்தியவர்கள் கைவிடப்பட்ட பழைய லாட்டாபந்த் கணவாய்ப் பாதையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 75 கி.மீ. தூரம், கொடுத்த நேரம் ஒரு மணி. தார்ச்சாலையில் இது ஒரு விஷயமே இல்லை. அதுவோ கல்லும் புழுதியும் கொண்ட ஒற்றைத் தடம். பக்கவாட்டில் தடுப்பு இல்லை. முன்னால் போகும் வண்டி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். புழுதிக்குள் பாதை எங்கே திரும்புகிறது என்பது ஓட்டுநரின் ஊகம்தான். அதற்கு முன்னால் காபூலில் சில மணி நேரம் காத்திருப்பு வேறு: கைபர் கணவாய் இரவில் மூடப்பட்டிருக்கும், விடிந்தால்தான் திறப்பார்கள்.

மலை முடிந்ததும் நிம்மதி வந்ததா? இல்லை. எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்ததும் பயம் வேறு உருவத்தில் வந்தது. கார்களைப் பார்க்க டெல்லி–பம்பாய் சாலையோரம் பெருங்கூட்டம். ஊர்களுக்குள் ஜனம் சாலையை நெருக்கி நின்றது. கூடவே மாட்டு வண்டி, சைக்கிள், லாரி. ஆஃப்கன் மலையில் தவறினால் தன் உயிர் போகும், இங்கே தவறினால் அடுத்தவர் உயிர் போகும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

72 கார்கள் பம்பாய் வந்து 'எஸ்.எஸ். சூசன்' கப்பலில் ஏறின. அப்போது முன்னணியில் இருந்தவர் பிரிட்டனின் ராஜர் கிளார்க். ஆனால் ஆஸ்திரேலியாவில் அவர் வண்டி பழுதாகிப் பின்தங்கினார். சிட்னி நெருங்கும் நேரத்தில் முன்னணி லூசியன் பியாங்கி – ழான் குளோது ஒஜியே ஜோடியின் சிட்ரோயன் காரிடம் இருந்தது. வெற்றி கைக்கெட்டும் தூரம். நௌரா அருகே எதிரே வந்த ஒரு மினி கார் நேருக்கு நேர் மோதியது. பின்னால் வந்த பேடி ஹாப்கர்க்கின் குழு, ஜெயிக்கும் வாய்ப்பிருந்தும், நிறுத்தி உதவியது. டிசம்பர் 17 அன்று முதலிடம் பெற்றது யாரும் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஹில்மேன் ஹன்டர். ஓட்டியவர்கள் ஆண்ட்ரூ கோவன், கொலின் மால்கின், பிரையன் கோய்ல். ஹாப்கர்க் இரண்டாமிடம். போய்ச் சேர்ந்தவை மொத்தம் 56.

இதை எப்போது படித்தாலும் எனக்குக் கோவனைவிட ஹாப்கர்க் மேல்தான் மரியாதை கூடுகிறது.

● ஜெயித்த ஹில்மேன் ஹன்டர் பிரிட்டனில் சாதாரணக் குடும்ப வண்டி. அதே காரை ஈரான் 1967 முதல் 'பேய்கான்' என்ற பெயரில் தயாரித்தது. 2005 வரை அந்நாட்டுத் தெருக்களில் டாக்ஸியாகவும் குடும்ப வண்டியாகவும் அதுதான் ராஜா. ராலி கடந்துபோன நாட்டில் அதே வண்டி இன்னும் முப்பத்தேழு வருடம் ஓடியது.

● ஐரோப்பியப் பெருநிலத்து நாடுகள், துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுபவை. பாகிஸ்தானும் இந்தியாவும் இடப்பக்கம். மாற்றம் நடக்கும் இடம் கைபர் கணவாயை ஒட்டிய தோர்காம் எல்லை. லண்டனிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு அதுவரை ஒவ்வொரு லாரியை முந்தும்போதும் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். தோர்காம் தாண்டினால் ஓட்டுநரே பார்த்துக்கொள்ளலாம்.

● 1977-இல் மறுபடியும் லண்டன்–சிட்னி நடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆதரவில், சுமார் 30,000 கி.மீ. இந்த முறை இந்தியாவின் கடைசி நிறுத்தம் பம்பாய் இல்லை, மதராஸ். கார்கள் இங்கிருந்து கப்பலேறி மலேசியாவின் பினாங்கு போயின. ஜெயித்தவர் அதே ஆண்ட்ரூ கோவன், இம்முறை மெர்சிடிஸ் 280இ காரில்.

சீக்கிரம் வந்தால் அதிக தண்டனை

ராலியில் தாமதமாக வந்தால் தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். சீக்கிரம் வந்தால்? அதற்குத் தண்டனை இன்னும் கடுமை. உலக ராலிப் போட்டி விதிப்படி ஒரு சோதனைச் சாவடிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் 10 வினாடி அபராதம், ஒரு நிமிடம் முன்னதாக வந்தால் ஒரு முழு நிமிடம் அபராதம். காரணம் எளிது. சாவடிகளுக்கு இடையே கார்கள் போவது பொதுமக்கள் போகும் சாதாரணச் சாலையில். அங்கே பறந்து வருவதில் லாபம் இருக்கக் கூடாது. அதனால்தான் ராலி கார்கள் சாவடிக்குச் சற்று முன்னால் ஓரமாக நின்று, உள்ளிருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். நகர நெரிசலில் பத்து நிமிடம் சிக்கினாலும் ஈடுகட்டும்படி முன்னாலேயே வந்துவிட்டு, பிறகு காத்திருப்பார்கள்.

இந்தியாவில் நடக்கும் 'டி.எஸ்.டி.' வகை ராலிகள் இதையே முழுப் போட்டியாக ஆக்கியவை. நேரம், வேகம், தூரம். சொல்லப்பட்ட சராசரி வேகத்தில் போக வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒளிந்திருக்கும் சாவடி எந்த வளைவுக்குப் பின்னால் என்று தெரியாது. குறுக்கே ஆட்டு மந்தை வந்தால் இழந்த வினாடிகளை அடுத்த சில கிலோமீட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக மீட்க வேண்டும். ஓட்டுநரைவிடக் கணக்குப் போடும் நேவிகேட்டருக்குத்தான் வியர்க்கும்.

● நேவிகேட்டர் கையிலுள்ள வழிநூலில் வரைபடம் இருக்காது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு குட்டிப் படம்: கீழே ஒரு புள்ளி, அது நீங்கள், அம்புக்குறி, அது போக வேண்டிய திசை. இந்தப் படங்களுக்கு உலகம் முழுக்க 'டியூலிப்' என்றுதான் பெயர். நெதர்லாந்தின் டியூலிப் ராலியிலிருந்து வந்த பழக்கம் இது.

● மலை வளைவுகளில் ஓட்டுநருக்கு வாந்தி வராது, பக்கத்தில் குனிந்து படிப்பவருக்கு வரும். கண் அசையாத காகிதத்தைப் பார்க்கிறது, காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்போ உடம்பு ஆடுகிறது என்கிறது. மூளை குழம்புகிறது. ஓட்டுபவருக்கு அடுத்த திருப்பம் முன்பே தெரியும் என்பதால் தப்பிக்கிறார்.

ஐந்தரை மீட்டர் காகிதச் சுருள்

மேலே சொன்ன தொல்லைக்கு ஆளான புகழ்பெற்றவர் டெனிஸ் ஜென்கின்சன், ஆங்கிலப் பத்திரிகையாளர், தாடிக்காரர். 1955-இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர். பிரெஷாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் சுமார் 1,600 கி.மீ. சாலை. ஊர்கள், தெருமுனைகள், அபெனைன் மலையில் ரட்டிகோசா, பூட்டா கணவாய்கள்.

இருவரும் முன்கூட்டியே பலமுறை அந்தப் பாதையில் போய் ஒவ்வொரு ஆபத்தான வளைவையும் குறித்துக்கொண்டார்கள். அது ஐந்தரை மீட்டர் நீளக் காகிதமாக வந்தது. அதைச் சுருட்டி, ஒளிபுகும் ஜன்னல் வைத்த ஓர் உலோகப் பெட்டிக்குள் போட்டு, கைப்பிடியைத் திருகித் திருகிப் படித்தார் ஜென்கின்சன். மேற்கூரை இல்லாத மெர்சிடிஸில் இரைச்சல் காதைப் பிளக்கும், பேசினால் கேட்காது. அதனால் கைச் சைகைகள். 'இந்த மேட்டுக்கு அப்பால் பாதை நேராகப் போகிறது' என்று கை சொன்னால், மாஸ் கண்ணுக்குத் தெரியாத மேட்டின் மேல் வேகத்தைக் குறைக்காமல் ஏறுவார். நடுவழியில் ஜென்கின்சனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே தலையை நீட்டினார், காற்று மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போனது. நல்லவேளை, உபரியாக ஒரு கண்ணாடி வைத்திருந்தார்.

10 மணி 7 நிமிடம் 48 வினாடி. சராசரி மணிக்கு 157 கி.மீ.க்கு மேல். அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. 1957-இல் குயிதிட்சோலோ ஊரருகே ஃபெராரி ஒன்று டயர் வெடித்துக் கூட்டத்தில் பாய்ந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பார்வையாளர்கள் இறந்தனர். ஓட்டிய அல்ஃபோன்சோ தே போர்த்தகோவும் அவருடைய துணைவர் எட்மண்ட் நெல்சனும் இறந்தார்கள். சாலைப் பந்தயமாக மில்லே மிலியா அத்தோடு முடிந்தது.

● மாஸ் காரின் எண் 722. வேறொன்றுமில்லை, அது கிளம்பிய நேரம்: காலை 7.22. சிறிய, மெதுவான கார்கள் முந்தைய இரவே ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். அசுர வேகக் கார்கள் விடிந்த பிறகு. ஆக, வேகமான ஓட்டுநருக்குப் பரிசாகக் கிடைப்பது முன்னால் போகும் நூற்றுக்கணக்கான வண்டிகளின் நெரிசல்!

● 1954 மில்லே மிலியாவில் ஹான்ஸ் ஹெர்மான் தன் போர்ஷேயில் ஒரு ரயில்வே கேட்டை நெருங்கினார். கேட் மூடிக்கொண்டிருந்தது, ரயில் வந்துகொண்டிருந்தது, பிரேக் பிடிக்க நேரமில்லை. பக்கத்திலிருந்த ஹெர்பர்ட் லிங்கேயின் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினார். இருவரும் குனிந்தார்கள். தாழ்வான அந்தக் கார் தடுப்புக் கம்பிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. லெவல் கிராசிங்கில் கேட்டுக்கு அடியில் குனிந்து புகும் சைக்கிள்காரர்கள் இதைப் படித்து உற்சாகமடைய வேண்டாம்.

● 1952-இல் மெக்சிகோவின் கரேரா பனமெரிகானா பந்தயத்தில் கார்ல் கிளிங், ஹான்ஸ் கிளெங்க் போன மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு பிணந்தின்னிக் கழுகு உள்ளே வந்து விழுந்தது. கிளெங்க்குக்கு முகத்தில் ரத்தக் காயம். அப்படியும் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார். பிறகு கண்ணாடிக்கு முன்னால் எட்டு இரும்புக் கம்பிகளைச் செங்குத்தாகப் பொருத்தினார்கள். பந்தயத்தையும் அவர்களே வென்றார்கள்.

ஹெலிகாப்டர் ஹாரன்

1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கியது சஃபாரி ராலி. பல பத்தாண்டுகள் அது பொதுப் போக்குவரத்தை நிறுத்தாமலே நடந்தது. நீங்கள் மணிக்கு 180 கி.மீ.யில் போகிறீர்கள், மேட்டுக்கு அப்பால் ஒரு மாட்டு மந்தை, அல்லது ஆட்களை அடைத்துக்கொண்டு வரும் மத்தாட்டு வேன், அல்லது ஒட்டகச்சிவிங்கி. பெரிய கம்பெனிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி ஹெலிகாப்டர். காருக்கு முன்னால் தாழப் பறந்து, பாதையில் என்ன வருகிறது என்று ரேடியோவில் சொல்லும். கார்கள் பகலிலும் விளக்கெரித்தபடி வரும். முன்னால் விலங்கு தடுக்கும் கம்பி, சேற்றாறு தாண்டப் புகைபோக்கி மாதிரி மேலெழும்பிய காற்றுக் குழாய். பணமில்லாத தனியார் போட்டியாளருக்கு ஹெலிகாப்டருக்குப் பதில் நல்ல ஹாரனும் கடவுளும்தான்.

● 1963-இல் சஃபாரியில் கிளம்பியவை 84, முடித்தவை 7. 1968-இல் கிளம்பியவை 93, முடித்தவை மறுபடியும் 7. இரண்டு ஆண்டும் ஜெயித்தவர்கள் நிக் நோவிக்கி – பேடி கிளிஃப் ஜோடி. இரண்டு ஆண்டும் அந்த எழுவரில் இடம்பிடித்த இன்னொருவர் கென்யாவின் ஜோகிந்தர் சிங். 'பறக்கும் சீக்கியர்' என்று பெயரெடுத்த இவர் 1965, 1974, 1976 என மூன்று முறை சஃபாரியை வென்றார்.

● 1960-இல் லியேஜ்–ரோம்–லியேஜ் ராலியை வென்றவர்கள் பேட் மாஸ், ஆன் விஸ்டம் என்ற இரு பெண்கள். மலைச்சாலைகளில் தூக்கமே இல்லாமல் நாட்கணக்கில் ஓட்டவேண்டிய போட்டி அது. பேட், மில்லே மிலியா வென்ற ஸ்டிர்லிங் மாஸின் தங்கை. ஆண்டிஸ் மலை, ஆல்ப்ஸ் மலை என்று ஆண்களின் வீரக்கதைகளையே படித்துப் படித்துச் சலித்தவர்கள் இவரைப் பற்றித் தேடிப் படிக்கலாம்.

● ஆண்டிஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1970 லண்டன்–மெக்சிகோ ராலியில் பெருவின் குஸ்கோ–வான்காயோ பகுதி மட்டும் ஏறத்தாழ 900 கி.மீ., அதுவும் நேரம் பார்க்கப்படும் ஒரே ஓட்டமாக! 4,000 மீட்டருக்கு மேல் போகும் மலைகளுக்காகக் கார்களில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். 96 கார்களில் 23 தான் மெக்சிகோ சேர்ந்தன. ஃபின்லாந்தின் ஹன்னு மிக்கோலாவும் ஸ்வீடனின் குன்னர் பால்மும் வென்றார்கள். ஆறாமிடம் வந்த காரில் இருந்தவர் இங்கிலாந்துக் கால்பந்து நட்சத்திரம் ஜிம்மி கிரீவ்ஸ். அந்த ஆண்டு கால்பந்து உலகக் கோப்பை நடந்த மெக்சிகோவுக்கு அவர் பந்தோடு போகவில்லை, ஃபோர்டு எஸ்கார்ட்டோடு போனார்.

● மான்டி கார்லோ ராலியில் டுரினி கணவாய் 1,607 மீட்டர். பெரிய உயரம் ஒன்றுமில்லை. ஆனால் சாலை உலர்ந்திருந்தால் போட்டியில் சுவை இல்லை என்று பார்வையாளர்களே பனியை அள்ளிச் சாலையில் போடுவது அங்கே பழைய குறும்பு.

ஏறுகிறவருக்கு முதல் வழி

ஒற்றை வண்டி மட்டும் போகக்கூடிய மலைச்சாலையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? இந்தியச் சாலை விதி இறங்குகிறவர் நின்று, ஏறுகிறவருக்கு வழிவிடச் சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம், பின்னால் உருளும் அபாயமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் மலை அஞ்சல் சாலைகளில் கதை வேறு. அங்கே மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துக்குத்தான் முதல் மரியாதை. வளைவுக்கு முன்னால் அது ஊதும் மூன்று சுர ஹாரன் ரோசினியின் 'வில்லியம் டெல்' இசைநாடக முகப்பிசையிலிருந்து எடுத்தது. அது கேட்டால் ஃபெராரி வைத்திருப்பவரும் ஓரம் கட்ட வேண்டும்.

● இறக்கத்தில் நியூட்ரலில் போனால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் பிரேக் திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை தெரிந்துகொள்ள வேண்டும். புதிய 'டாட் 4' திரவம் குறைந்தது 230 டிகிரி தாங்கும். காற்றிலிருந்து ஈரம் குடித்துப் பழசானால் 155 வரை இறங்கலாம். மிதித்துக்கொண்டே இறங்கினால் திரவம் கொதிக்கும், குமிழி வரும், பெடல் பஞ்சு போல் தரை வரை போகும். 1997-இல் மறுபடி நடந்த பீகிங்–பாரிஸ் ராலி திபெத் பீடபூமியிலிருந்து நேபாளத்துக்கு இறங்கியது. நியாலமிலிருந்து ஜாங்மு வரை முப்பது கி.மீ. சொச்சத்தில் ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். அந்த ராலியை வென்றது 1942-ஆம் வருட வில்லிஸ் ஜீப் ஒன்று.

● ஷிம்லாவை மையமாகக் கொண்ட ஹிமாலயன் மோட்டார்ஸ்போர்ட் அமைப்பு 1999-இல் 'ரெய்டு தெ ஹிமாலயா'வைத் தொடங்கியது. பெரும்பாலும் அக்டோபரில் நடந்தது. முதல் பனி எப்போது விழும் என்று சொல்ல முடியாத மாதம் அது, கணவாய் திடீரென மூடிக்கொண்டால் போட்டிப் பாதையே மாறிவிடும். மணாலி பக்கம் எல்லோரையும் படுத்திய ரோத்தங் கணவாயின் வண்டி வரிசையை இப்போது 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை குறைத்திருக்கிறது. திறந்தது 2020 அக்டோபர் 3.

● லடாக்கின் கர்துங் லா உச்சியில் பல ஆண்டுகள் பெருமையாக நின்ற பலகை 18,380 அடி என்றது. பின்னர் அளந்து பார்த்ததில் உண்மை உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடியை ஒட்டி. பலகையோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் வருத்தப்பட வேண்டாம், மூச்சு வாங்கியது நிஜம்தானே. பின்னர் 2021-இல் உயரப் பெருமை உம்லிங் லா சாலைக்குப் போனது: 19,024 அடி.

தள்ளிவிட்ட தோல்வி

1948-இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து வெனிசுவேலாவின் கரகாஸ் வரை, ஆண்டிஸ் மலைகள் வழியாக, ஒன்பதாயிரம் கி.மீ.க்கு மேல் ஒரு பந்தயம். முன்னணியில் வந்த ஆஸ்கர் கால்வேஸின் கார் கரகாஸ் நெருங்கும் நேரத்தில் பழுதாகி நின்றது. அந்த வழியே வந்த வேறொரு கார் பின்னாலிருந்து தள்ளி உதவியது. விதிப்படி அது வெளியுதவி. கால்வேஸ் தகுதி இழந்தார், பரிசு டொமிங்கோ மரிமோனுக்குப் போனது. பின்னாளில் ஐந்து முறை உலகச் சாம்பியனான ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ இதே பந்தயத்தில் பெருவில் விபத்துக்குள்ளானார். உடன் வந்த டானியேல் உர்ரூத்தியா இறந்துபோனார்.

டிராஃபிக் போலீஸ் நிறுத்திய உலகப் பயணி

1908 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து பாரிஸுக்குக் கார்கள் கிளம்பின. அமெரிக்காவின் குறுக்கே, பிறகு கப்பல், பிறகு ஜப்பான், சைபீரியா, ஐரோப்பா. அமெரிக்காவின் தாமஸ் ஃபிளையர் காரை ஓட்டிய ஜார்ஜ் ஷூஸ்டர் பனி, சேறு, ரயில் தண்டவாளம் எல்லாம் பார்த்து ஜூலை 30 மாலை பாரிஸுக்குள் நுழைந்தார். முடிவுக்கோடு கூப்பிடு தூரத்தில். ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். வண்டியில் எரியும் முன்விளக்கு இல்லை, இருட்டில் விளக்கில்லாமல் பாரிஸில் ஓட்டக் கூடாது, உள்ளே பிடித்துப் போடுவேன் என்றார். உலகத்தையே பாதி சுற்றி வந்த கதை அவரிடம் எடுபடவில்லை. பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் தன் சைக்கிள் விளக்கைக் கொடுக்க முன்வந்தார். அவசரத்தில் விளக்கைக் கழற்ற வரவில்லை. சைக்கிளையே அப்படியே தூக்கிக் காரின் மேல் வைத்தார்கள். வண்டியில் விளக்கு இருக்கிறதா? இருக்கிறது. போலீஸ்காரர் வழிவிட்டார்.

ஜெர்மனியின் புரோட்டோஸ் கார் இதற்கு நான்கு நாள் முன்னாலேயே பாரிஸ் சேர்ந்துவிட்டிருந்தது. ஆனால் வழியில் கொஞ்ச தூரம் ரயிலேறி வந்ததற்கும் சேர்த்து அதன் கணக்கில் முப்பது நாள் கூட்டப்பட்டது. ஷூஸ்டருக்குப் பரிசு.